ஏரி தெரியும் சாலை

என் வீட்டுக்காரர் எழுத்துப் பலகையைக் கடைசி வரி வரைக்கும் படித்தார். இடது கண்ணை மூடிக்கொண்டு ஒரு தரம், வலது கண்ணை மூடிக்கொண்டு ஒரு தரம். பொடிப்பொடியாக இருக்கும் அந்தக் கடைசி வரியை எங்கள் கண்ணாடிக் கடைக்கு வரும் கல்லூரிப் பிள்ளைகளே தடவித் தடவித்தான் படிப்பார்கள். இவர் ஓரிடத்தில்கூட நிற்கவில்லை. முதலாளியம்மா சிரித்துவிட்டு, "உங்க வீட்டுக்காரருக்குக் கழுகுக் கண்ணு. இன்னும் இருபது வருஷம் வண்டி ஓட்டலாம்" என்று சொல்லி, உரிமம் புதுப்பிக்கச் சான்று எழுதிக் கொடுத்தார்.

எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. அவரைப் பரிசோதனைக்கு இழுத்துக்கொண்டு வந்ததே நான்தான். ஊரில் உள்ளவர்களுக்கெல்லாம் மூக்குக் கண்ணாடி மாட்டிவிட்டுப் பிழைக்கிறவள் நான். வீட்டில் ஒருவர் பார்வை தடுமாறுவது எனக்கா தெரியாது? சில மாதங்களாக அவர் என் முகத்தைப் பார்த்துப் பேசுவதில்லை, என் காதைப் பார்த்துப் பேசுகிறார். தம்ளருக்குப் பக்கத்தில் மேசையில் தண்ணீரை ஊற்றுகிறார். தெருவில் எதிரே வந்த என் தம்பியை யாரோ என்று நினைத்து ஒதுங்கி வழிவிட்டார். "மாமா பெரிய ஆளாயிட்டாரு, நம்மளையெல்லாம் கண்ணுக்குத் தெரியல" என்று தம்பி கேலி செய்தான். எல்லாரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. தினமும் காலையில் எங்கள் மகளைக் காரில் பள்ளிக்குக் கூட்டிப்போகிறவர் அவர். எனக்கு இருப்பது ஒரே மகள்.

ஆனால் பலகை பொய் சொல்லுமா? கடைசி வரி கடைசி வரிதானே. சந்தேகப்பட்ட என் புத்தியை நானே நாலு திட்டுத் திட்டிக்கொண்டேன்.

அவருடைய வேலையைச் சொன்னால் நம்ப மாட்டீர்கள். உலகத்தில் அழகான சாலைகள் எங்கெங்கே இருக்கின்றனவோ, அங்கெல்லாம் தாங்களே கார் ஓட்டிப் போக ஆசைப்படுகிறவர்களுக்கு வழி வகுத்துக் கொடுக்கும் நிறுவனத்தில் அவர் இருக்கிறார். எந்த நாளில் கிளம்புவது, எங்கே தங்குவது, எந்த வளைவில் வண்டியை நிறுத்திப் படம் எடுப்பது, எல்லாம் போனில் சொல்லுவார். நார்வேயில் பூத ஏணி என்று ஒரு மலைச்சாலை. பதினொரு கொண்டை ஊசி வளைவு, நடுவில் அருவிக்குக் குறுக்கே ஒரு பாலம். அந்தப் பாலத்தில் கார்க் கண்ணாடியை ஏற்றிவிட்டுப் போகச் சொல்லுவார், சாரல் அடிக்குமாம். இத்தாலியில் நாற்பத்தெட்டு வளைவுச் சாலை, ஒவ்வொரு வளைவுக்கும் நம்பர் போட்ட கல். ஐஸ்லாந்தைச் சுற்றி வரும் சாலையில் பனிக்கட்டிகள் மிதக்கிற நீர்நிலைக்கு முன்னால் வேகத்தைக் குறைக்கச் சொல்லுவார். ஆபீசில் அவருக்கு 'மேப்பு' என்று பெயர். ஒரு சாலையிலும் அவர் சக்கரம் பட்டதில்லை. எல்லாம் வீடியோ.

காரின் முன்னால் கேமராவை மாட்டி ஓட்டிக்கொண்டே எடுத்த படங்களை ஆபீசில் வாங்கி வைத்திருக்கிறார்கள். பார்த்துப் பார்த்து மனப்பாடம் செய்வதுதான் அவர் வேலை. ராத்திரிச் சாப்பாட்டுக்கு எங்கள் வீட்டில் சீரியல் கிடையாது, சாலைதான் ஓடும். அந்தச் சாலைகளில் மழை பெய்யாது. எதிரே லாரி வராது. ஆடு மாடு குறுக்கே ஓடாது. அலுப்பான இடமெல்லாம் வெட்டி எறியப்பட்டிருக்கும். "இப்படி ஊர் ஊராச் சுத்தி எனக்குக் கால் வலிக்குது, எழுந்து பாத்திரத்தைக் கழுவுங்க" என்பேன். அவர் காதில் வாங்க மாட்டார்.

சான்று கைக்கு வந்த அந்த வாரமே அவர் ஆரம்பித்துவிட்டார்.

"ஏரிச் சாலைக்குப் போலாம். நம்ம கார்லயே. நானே ஓட்டறேன்."

ஏரிச் சாலை என்பது எங்கள் ஊரிலிருந்து ஒரு பகல் தூரத்தில் உள்ள மலைச்சாலை. மேலே ஏறி, கணவாயைத் தாண்டினால் மறுபக்கம் ஏரி. ஏரியை ஒட்டிய மலைச்சரிவில் பாம்பு மாதிரி இறங்கும். வெளிநாட்டுக்காரர்கள் விமானம் ஏறி வந்து ஓட்டிப் பார்க்கும் சாலை. ஒரு காலத்தில் அவர் போனில் அதிகம் விற்றது அதைத்தான்.

"இப்ப என்ன அவசரம்? லீவு வரட்டுமே" என்றேன்.

"வருஷம் போயிட்டே இருக்கு. ஒரே ஒரு ரோடு, என் கையால ஓட்டணும். அவ்வளவுதான் கேக்கறேன்."

அதைச் சொன்னபோதும் என் காதைத்தான் பார்த்தார். ஒற்றைக் காலில் நின்றார். கல்யாணமான நாளிலிருந்து தனக்கென்று இது வேண்டும், அது வேண்டும் என்று கேட்காத மனுஷன். எனக்கும் மனசு இளகிவிட்டது. சனிக்கிழமை விடிந்ததும் கிளம்பினோம்.

சமவெளியில் எல்லாம் சரியாகத்தான் இருந்தது. நன்றாகவே ஓட்டினார். என்ன, என்னை வாய் ஓயாமல் பேசச் சொன்னார். "முன்னால அந்தப் பஸ்காரன் என்ன பண்றான் பாரு", "அங்க என்ன கூட்டம்" என்று கேட்டுக்கொண்டே வந்தார். அவருக்குப் பேச்சுத்துணை வேண்டியிருக்கிறது என்று நானும் கண்ணில் பட்டதையெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தேன். பின் சீட்டில் என் மகள். பத்து வயது. வீட்டில் நாங்கள் கூப்பிடுவது 'வாலு'. ஒரு நாற்காலியில் ஐந்து நிமிஷம் உட்கார வைக்க முடியாது அவளை. காரில் ஏறினால் மட்டும் கையைக் கட்டிக்கொண்டு, இரண்டு சீட்டுக்கும் நடுவில் தலையை நீட்டி, ஆடாமல் அசையாமல் வருவாள். குமட்டலுக்குப் பயந்துகொண்டு அப்படி வருகிறாள் என்று நினைத்திருந்தேன்.

மலையடிவாரத்தில் சாவடி. காக்கிச் சட்டைக்காரர் ஒருவர் கம்பைத் தூக்கும் முன் ஜன்னலருகே வந்து குனிந்தார்.

"மேல வேலை நடக்குது சார். மண்ணு சரிஞ்சு ரோடு ரெண்டு எடத்துல மாறியிருக்கு. டிரம் வெச்சிருக்கோம். போர்டு பாத்துப் போங்க."

"எனக்குத் தெரியாத வளைவாங்க?" என்றார் அவர்.

"பழைய ரோடு தெரிஞ்சு என்ன சார் பண்றது? இப்ப இருக்கறதைப் பாத்து ஓட்டுங்க" என்றார் காவல்காரர். அவர் சொன்ன விதத்தில் ஒன்றுமில்லை. ஆனாலும் எனக்கு என்னவோ போலிருந்தது. எங்கள் பின்னால் வேறு வண்டி இல்லை. முன்னாலும் இல்லை. ஊரே பேசும் சாலையில், அதுவும் சனிக்கிழமையில், ஏன் ஒருத்தரும் போகவில்லை?

ஏறத் தொடங்கினோம். அவர் முகத்தில் வெளிச்சம் வந்துவிட்டது. "இப்ப ஒரு சின்னப் பாலம்" என்றார், பாலம் வந்தது. "இப்ப ரெண்டு வளைவு சேந்தாப்பல" என்றார், இரண்டும் வந்தன. "பாறையில ஒரு ஓட்டை இருக்கும், அது வழியா வானம் தெரியும்" என்றார், தெரிந்தது. சாலை அவருக்குத் தண்ணீர் பட்ட பாடு. எனக்கே கொஞ்சம் பெருமையாக இருந்தது, மறைப்பானேன். மரங்கள் குறைந்து புல்வெளி வந்தது. புல்லும் போய் வெறும் பாறை வந்தது. என் பக்கம் முழங்கால் உயரத்துக்கு ஒரு சுவர், அதற்கப்பால் ஒன்றுமே இல்லை. காற்று சும்மா வீசிக்கொண்டிருந்தது. ஒரு பறவைகூட இல்லை.

கணவாயைத் தாண்டி இறங்கும்போது சொன்னார்: "இப்ப மஞ்சள் விடுதி வரும் பாரு. மாடி முழுக்கப் பூந்தொட்டி. ஜன்னல்ல ஒரு பூனை உக்காந்திருக்கும், வீடியோவுல பாத்திருக்கேல்ல?"

வளைவு திரும்பியது. விடுதி இருந்த இடத்தில் கரி பிடித்த ஒரு சுவர் மட்டும் நின்றது. கூரை இல்லை, மாடி இல்லை. எரிந்து வெகுநாள் ஆகியிருக்க வேண்டும், உள்ளே முட்செடி தலைக்குமேல் வளர்ந்திருந்தது.

"பாத்தியா?" என்றார்.

"என்னத்த?"

"விடுதியத்தான். எவ்வளவு அழகா வெச்சிருக்கான்."

நான் அவரைத் திரும்பிப் பார்த்தேன். விளையாடுகிறாரோ என்று நினைத்தேன். அவர் முகத்தில் விளையாட்டு இல்லை. மனசு நிறைந்து சிரித்துக்கொண்டிருந்தார். "பாத்தேன்" என்று சொன்னேன். வேறு என்ன சொல்வது என்று தெரியவில்லை.

"இப்ப மூச்சைப் பிடிச்சுக்கோ. இந்த மூலை திரும்பினா ஏரி."

மூலை திரும்பினோம். என் ஜன்னலுக்குக் கீழே பள்ளத்தாக்கு முழுவதும் விரிந்து கிடந்தது. அதில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. சாம்பல் நிறத்தில் சேறு காய்ந்து பாளம் பாளமாக வெடித்திருந்தது. நடுவில் ஒரு படகு ஒருக்களித்துக் கிடந்தது. அதைச் சுற்றி யாரோ மோட்டார் சைக்கிள் ஓட்டிய தடம். கரையோரப் படகுத்துறை அந்தரத்தில் நின்றது.

அவர் ஒரு விநாடி அந்தப் பக்கம் தலையைத் திருப்பினார்.

"என்ன நீலம் பாரு!" என்றார். "எத்தனை தடவை போன்ல சொல்லியிருப்பேன். நேர்ல பாக்கறப்பதான் தெரியுது. வாலு, பாத்தியா? அப்பா சொன்னேன்ல?"

"பாத்தேம்பா. நீலமா இருக்கு" என்றாள் என் மகள்.

நீலம் என்று அவளும் சொன்னாளே என்று அப்போது எனக்கு உறைக்கவில்லை. கடையில் நான் எத்தனை பேரைப் பார்த்திருக்கிறேன்! நடுப்பார்வை போனவர்கள் முகத்தைப் பார்க்க மாட்டார்கள், காதைப் பார்ப்பார்கள். நேரே பார்த்தால் அவர்களுக்கு அங்கே ஒரு கறைதான் இருக்கும், ஓரத்தில்தான் ஏதோ கொஞ்சம் தெரியும். ஊரான் வந்து அப்படி நின்றிருந்தால் கதவைத் திறக்கும்போதே கண்டுபிடித்திருப்பேன். இவர் கண்ணுக்கு இந்தச் சாலையின் ஓரம் தெரிகிறது, மலையின் நிழல் தெரிகிறது. மற்றதெல்லாம் மனப்பாடம். அன்றைக்குக் கடைசி வரியை அவர் படிக்கவில்லை, ஒப்பித்திருக்கிறார்.

கத்தினால் என்ன ஆகும்? அவர் பதறினால் சுவர் எங்களைத் தாங்காது. வண்டியை ஒதுக்க இடமில்லை. ஒரு பக்கம் பாறை, ஒரு பக்கம் பள்ளம். நான் குரலை எவ்வளவு முடியுமோ அவ்வளவு சாதாரணமாக வைத்துக்கொண்டேன்.

"என்னங்க, கொஞ்சம் மெதுவாப் போங்க. வாலுக்குக் குமட்டுது. எங்கயாவது நிறுத்துங்க."

"இன்னும் கொஞ்சம்தான். ஏரி பாக்கற எடம் வரும், அங்க நிறுத்தறேன். இந்தத் துண்டு நேர் ரோடு, கவலைப்படாத" என்று சொல்லி வேகத்தைக் கூட்டினார்.

வீடியோவில் அது நேர்ச் சாலை. நானும் சோறு பிசைந்துகொண்டே பார்த்திருக்கிறேன். ஆனால் எங்கள் முன்னால் சிவப்பு டிரம்கள் வரிசையாகச் சாலையை மறித்து நின்றன. அவற்றுக்குப் பின்னால் சாலை பாதியில் கடித்து எடுத்ததுபோல இல்லாமல் போயிருந்தது. அவர் கால் பிரேக்குக்குப் போகவில்லை. நான் வாயைத் திறந்தேன். சத்தம் வரவில்லை.

"அப்பா, பிரேக்" என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

அவர் அமுக்கினார்.

"டிரம் இருக்கு. ரைட் எடுங்க. இன்னும். இன்னும். போதும். நேரா. மண்ணு ரோடு, ஆடும். ஒரு ஆளு கொடி வெச்சிருக்காரு. போலாம்னு காட்டறாரு. மெதுவா. பள்ளம் ஒண்ணு. இப்ப லெஃப்ட். லெஃப்ட். தார் ரோடு வந்துடுச்சு. நேரா போலாம்."

பதற்றமே இல்லாத குரல். கணக்கு வாய்ப்பாடு சொல்வாளே, அதே குரல். அவள் சொல்லச் சொல்ல அவர் கை திரும்பியது. ஏன், எதற்கு என்று ஒரு கேள்வி கேட்கவில்லை. வண்டியும் டிரம்களைத் தொடாமல், பாறையை உரசாமல், மண்பாதையில் ஏறி இறங்கி மறுபடியும் சாலைக்கு வந்துவிட்டது. கொடி பிடித்த ஆள் எங்களுக்குக் கையசைத்தார்.

அவர்கள் இருவரும் இதை முதல் தடவையாகச் செய்யவில்லை. பழகிய கை, பழகிய வாய். டிரம்களைக் கண்டு பயந்ததைவிட எனக்கு இப்போதுதான் அதிகமாகப் பயம் வந்தது.

ஏரி பார்க்கும் இடம் வந்தது. "கல்லு ரெண்டு இருக்கு, நடுவுல விடுங்கப்பா" என்றாள். விட்டார். நான் கையை நீட்டிச் சாவியைப் பிடுங்கிக்கொண்டு கீழே இறங்கினேன். அவரும் இறங்கி, பள்ளத்தோரத் தடுப்புக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, தண்ணீரில்லாத ஏரியைப் பார்த்து நின்றார்.

"எவ்வளவு நாளா?" என்றேன்.

அவர் ஏரிப் பக்கம் பார்த்தபடியே சொன்னார்.

"போன வருஷம் ஒரு டாக்டர்கிட்டப் போனேன். விழித்திரை நடுவுல கெட்டுப்போச்சாம். கண்ணாடி போட்டாலும் சரியாகாதாம். ஓரமும் போயிடும், கொஞ்ச நாள்தான்னாரு."

"எங்க கடைப் பலகை?"

"தினமும் சாயங்காலம் உன்னைக் கூப்பிட வந்து அதுக்கு எதிர பெஞ்சுல உக்காந்திருப்பேனே. கண்ணு நல்லா இருந்தப்பவே மனப்பாடம் ஆயிடுச்சு. நானா வேணும்னு படிக்கல."

"வெக்கமா இல்ல உங்களுக்கு?"

"ஆபீஸ்ல தெரிஞ்சா அனுப்பிடுவாங்க. உனக்குத் தெரிஞ்சா சாவியப் பிடுங்கிடுவ. ஒரே ஒரு தடவை, ஒரு ரோடாவது..." அவர் குரல் உடைந்தது. "சொல்லு. ஏரி எப்படி இருக்கு?"

எனக்கு அந்த இடத்தில் பரிதாபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. ஆத்திரம்தான் வந்தது. மூக்கும் முழியுமாக ஒரு பெண்ணைப் பெற்று, அவள் கண் இரண்டையும் பிடுங்கித் தன் முகத்தில் வைத்துக்கொண்டு ஊர் சுற்றியிருக்கிறாரே இந்த மனுஷன்! அவர் கன்னத்தில் ஓங்கி ஒரு அறை விடலாமா என்றுகூட வந்தது.

"வத்திப் போச்சு" என்றேன். "ஏரியே இல்ல. உங்க மஞ்சள் விடுதி எரிஞ்சு போச்சு. நீங்க காட்டினது ஒண்ணுமே இங்க இல்ல."

அவர் கம்பியை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டார். வாலு கார்க் கதவருகே நின்று எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கிட்டே போய்க் குனிந்து அவள் தோளைப் பிடித்தேன்.

"ஏண்டி என்கிட்ட சொல்லல?"

"சொன்னா நீ ஓட்ட விடமாட்ட. அப்புறம் அப்பா அழுவாரு." அவள் தரையைப் பார்த்தாள். "ஸ்கூலுக்குப் போறப்ப நான் முன்னாடி உக்காந்து சொல்லுவேன். சிவப்பு, பச்சை, ஆளு, ஸ்பீட் பிரேக்கர். அப்பா அதுக்கு விளையாட்டுன்னு பேரு வெச்சாரு. முதல்ல விளையாட்டாத்தான் இருந்துச்சு."

எனக்கும் உரிமம் இருக்கிறது. ஒரு தடவை எங்கள் அடுக்குமாடியின் கேட்டை இடித்துப் பெயர்த்ததிலிருந்து ஸ்டியரிங்கைத் தொட்டதில்லை. அக்கம்பக்கத்தில் ஒரு வருடம் அதைச் சொல்லிச் சிரித்தார்கள். இப்போது வேறு வழியில்லை. போனில் சிக்னல் இல்லை, வெயில் மலைக்குப் பின்னால் சாயத் தொடங்கிவிட்டது. அவரைப் பின் சீட்டில் தள்ளிக் கதவைச் சாத்தினேன். வாலு முன் சீட்டில் ஏறப் போனாள். "நீயும் பின்னாடி போ. படுத்துத் தூங்கு" என்று அதட்டினேன். பெல்ட்டைப் போட்டுக்கொண்டேன். இரண்டு தரம் வண்டி குதித்து நின்றது. மூன்றாவது தரம் நகர்ந்தது.

முதல் கியரிலேயே இறங்கினேன். உள்ளங்கை வேர்த்து ஸ்டியரிங் வழுக்கியது. ஒவ்வொரு வளைவிலும் சாலை முடிந்துபோய்விட்டது போலவே இருந்தது. திரும்பிய பிறகுதான் மிச்சம் தெரிந்தது.

"அம்மா, லெஃப்ட்ல கல்லு" என்றாள் வாலு.

"தெரியுதும்மா."

"லாரி வருது."

"தெரியுதுடி. அம்மாவுக்குக் கண்ணு நல்லாத் தெரியும். நீ படுத்துக்கோ."

கண்ணாடியில் பார்த்தேன். அவள் படுக்கவில்லை. சீட்டின் நுனியில் உட்கார்ந்து, கழுத்தை நீட்டி, கண் இமைக்காமல் சாலையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வாய் மட்டும் அசைந்தது. வளைவு. சுவர். பள்ளம். சத்தமில்லாமல் சொல்லிக்கொண்டே வந்தாள்.

"வாலு, போதும். நிறுத்து."

"பேசாம வந்தா பயமா இருக்கும்மா."

"எதுக்குப் பயம்? நான்தான் ஓட்டறேனே."

"அன்னிக்கு நான் பேசாம இருந்துட்டேன்" என்றாள்.

"என்னிக்கு?"

எதிரே கொஞ்சம் அகலமான வளைவு. அதைத் திருப்பி முடிக்கும் வரை நான் ஒன்றும் கேட்கவில்லை.

"வீட்டுப்பாடம் முடிக்கலம்மா. கார்லயே எழுதிட்டிருந்தேன். குனிஞ்சிருந்தேன். டமால்னு சத்தம் கேட்டுச்சு. அப்பா என்னம்மா அதுன்னாரு. நான் நாயின்னு சொன்னேன்."

போன மாதம் காரின் பக்கக் கண்ணாடியை மாற்றினோம். பார்க்கிங் தூணில் இடித்துவிட்டதாக அவர் சொல்லியிருந்தார். அது ஞாபகம் வந்து, என் கால் தானாகப் பிரேக்கை அமுக்கியது. வண்டி நடுச்சாலையில் நின்றது.

"நாய்தானேம்மா?" என்றார் அவர் பின்னாலிருந்து. குரலே வேறாக இருந்தது. "நாயின்னுதானே சொன்ன? பயந்து ஓடிடுச்சுன்னு சொன்னியே?"

"நாய் இல்லப்பா. தண்ணி கேன் மாமா. சைக்கிள்ல வருவாருல்ல, அவரு. கேன் உருண்டு நடு ரோட்டுக்குப் போயிடுச்சு. அவரு எழுந்திரிக்கல. நான் திரும்பிப் பாத்துட்டே இருந்தேன், அதுக்குள்ள நாம அந்தத் தெரு தாண்டிட்டோம்."

எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. அவர் முகத்தை இரண்டு கையாலும் மூடிக்கொண்டார். அந்தக் கைகளுக்குள்ளிருந்தே சொன்னார்: "வீட்டுக்குப் போய்ப் பேசிக்கலாம். குழந்தை ஏதோ..."

"நாம வீட்டுக்குப் போகல" என்றேன். "முதல்ல ஆஸ்பத்திரிக்குப் போய் அந்த ஆளைப் பத்தி விசாரிக்கணும். அப்புறம் போலீசு. நீங்களே வாயைத் திறந்து சொல்லணும். இவ சொல்லக் கூடாது."

மறுபடியும் கியரைப் போட்டேன். இந்தத் தடவை வண்டி குதிக்கவில்லை. பின்னால் என் மகள் இரண்டு சீட்டுக்கும் நடுவில் தலையை நீட்டி, என் தோளில் முகவாயை வைத்துக்கொண்டாள். அவள் மூச்சு என் கழுத்தில் பட்டது.

"அந்த மாமா எனக்கு தினமும் டாட்டா காட்டுவாரும்மா" என்றாள். "அன்னிலேர்ந்து அந்த முக்கு வந்தா மட்டும் அப்பாவுக்கு ஒண்ணும் சொல்ல மாட்டேன். அவரு வர்றாரான்னு பாத்துட்டே இருப்பேன். இன்னும் வரல."